கரிசல் காட்டுக் குட்டையைப் பெரிதாக்கி மீன் வளர்க்கலாம்

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதி மானாவாரி நிலங்களில், ஆடு மாடு குடிக்கவும் பயிருக்கு ஒரு உயிர்த்தண்ணீர் கட்டவும் சிறு குட்டை வெட்டி வைப்பது உண்டு. இதில் மீன் விட்டால் தை, மாசியில் தண்ணீர் சுருங்கிச் சூடேறி, மீன் விற்கும் அளவு வளருமுன்னே செத்து மிதக்கும். குட்டையை அகலப்படுத்தினால் இந்த நஷ்டத்தைத் தவிர்க்கலாம். ஆனால் வெட்டுமுன் கணக்குப் பார்ப்பது அவசியம்.

எவ்வளவு தண்ணீர்?

33 அடிச் சதுரம், 5 அடி ஆழம், 1 அடி ஆழத்துக்கு ஒன்றரை அடி சரிவு என்று வெட்டிய குட்டையில் சுமார் 92 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். ஆழத்தைக் கூட்டாமல் 66 அடிச் சதுரமாக்கினால் சுமார் 4 லட்சத்து 75 ஆயிரம் லிட்டர் பிடிக்கும். பக்கம் இரட்டிப்பானால் தண்ணீர் ஐந்து மடங்காகிறது. நான்கு மாதத்தில் வெயிலுக்கு 2 அடி நீர் ஆவியானாலும், கசிவு நீங்கலாக, பெரிய குட்டையில் இரண்டரை லட்சம் லிட்டர் மிஞ்சும். சிறியதில் 43 ஆயிரம்தான்.

வரத்து இருக்கிறதா?

ஒரு ஏக்கரில் ஒரு அங்குல மழை என்பது 1 லட்சம் லிட்டர். அதில் ஏழில் ஒரு பங்கு ஓடி வருவதாகக் கொண்டால், 3 ஏக்கர் வரத்துள்ள குட்டை நிரம்ப 11 அங்குல மழை வேண்டும். விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லி மீட்டர். இதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. எனவே 3 ஏக்கருக்குக் குறைந்த வரத்து உள்ளவர்கள் பெரிதாக்க வேண்டாம். அகன்ற குட்டையில் முழங்கால் தண்ணீர் நின்று பயனில்லை.

செலவைக் குறைக்க

சித்திரையில் குட்டை வறண்டதும் வேலையைத் தொடங்கலாம். முதலில் சோதனைக் குழி ஒன்று வெட்ட வேண்டும். கரிசலுக்கு அடியில் சுக்கான் தட்டினால், அதற்கு மேல் ஓர் அடிக் கரிசலை விட்டு நிறுத்திவிட வேண்டும். சுக்கானைத் துளைத்தால் தண்ணீர் இறங்கிவிடும். கையில் பணம் குறைவானால் இந்தக் கோடையில் இரு பக்கம், அடுத்த கோடையில் இரு பக்கம் என வெட்டலாம். அடியில் படிந்த வண்டலை வயலுக்கு அடித்தால் எருச் செலவு மிச்சம். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 3 அடி தள்ளிக் கரையாகப் போட வேண்டும். மிகை நீர் வெளியேறும் வழிக்குக் கல் பதித்து வலை கட்டுவது முக்கியம்.

மீன் விடுதல்

நீர் நின்றதும் சென்டுக்கு 8 கிலோ சாணம் கரைத்து விடலாம். கரிசலில் இயல்பாகவே சுண்ணாம்பு உண்டு. மண் பரிசோதனை செய்யாமல் சுண்ணாம்பு இட வேண்டாம். கார்த்திகையில் 4 அங்குலக் குஞ்சுகளைச் சென்டுக்கு 20 வீதம், 10 சென்ட் குட்டைக்கு கட்லா 80, ரோகு 60, மிர்கால் 60 என விடலாம். இவை முறையே மேல், நடு, அடி மட்டங்களில் இரை தேடும். ஜிலேபிக் கெண்டை நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது பெருகிக் குட்டையை நிரப்பும், எடை வராது. குஞ்சுப் பையைக் கால் மணி நேரம் குட்டை நீரில் மிதக்கவிட்டு, பிறகே திறக்க வேண்டும்.

தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சம அளவில் பிசைந்து தினமும் வைக்கலாம். முழங்கை வரை கையை நீரில் விட்டால் உள்ளங்கை தெரியக் கூடாது. தெரிந்தால் சாணம் போதவில்லை என்று பொருள். மணிக்கட்டு அளவிலேயே உள்ளங்கை மறைந்தால் சாணத்தை நிறுத்த வேண்டும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காற்று போதவில்லை. அன்று தீனியை நிறுத்தி, குடத்தில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்ற வேண்டும்.

பங்குனியில் நீர் 3 அடிக்கு இறங்கியதும் பெரிய மீன்களைப் பிடித்து விற்கத் தொடங்கலாம். இன்னும் வளரட்டும் என்று காத்திருந்தால் சித்திரை வெயில் முந்திக்கொள்ளும்.