தண்ணீரில் மூழ்கி வந்த டிடெக்டருக்குக் குரல் அடைத்தால்

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை முடிந்த கையோடு என் கடைக்கு ஒருவகைப் போன் வர ஆரம்பிக்கும். காவடி எடுத்து, மொட்டை போட்டு, குளித்து எழுந்தவர் யாராவது மோதிரத்தைத் தண்ணீரில் விட்டிருப்பார். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கும். அதோடு எண்ணெயும் சோப்பும் சேர்ந்துவிட்டால் மோதிரம் கழன்றதே தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர்தான் என் தொழில். தண்ணீர் புகாத மெட்டல் டிடெக்டர் ஒன்று வாங்கிய பிறகு, தொலைந்த நகையைத் தேடிக் கொடுப்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. நந்தி ஆறு, ஊர் ஏரிகள், பம்ப்செட் தொட்டிகள் என்று போய்வருகிறேன். நகரி பக்கத்திலிருந்தும் கூப்பிடுவார்கள்.

இந்த வேலையில் என்னை அதிகம் படுத்துவது ஸ்பீக்கர்தான். இடுப்பளவு தண்ணீரில் மூழ்க வைத்து வெளியே எடுத்தால், திரை எரிகிறது, எண்கள் மாறுகின்றன, சத்தம் மட்டும் வராது. கரையில் நிற்கும் பையன் உடனே கேட்பான்: “இன்னாண்ணா, மிஷின் தண்ணி குடிச்சிட்ச்சா?” பெரும்பாலும் குடித்திருக்காது. ஆனால் அந்த நேரத்தில் பதறிப்போய்ச் செய்கிற காரியங்கள்தான் நல்ல ஸ்பீக்கரைக் கெடுக்கின்றன. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அது எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரண ஸ்பீக்கரின் கூம்பு காகிதத்தால் ஆனது; நனைந்தால் ஊறிப்போகும். தண்ணீர் புகாத கருவியில் கூம்பே பிளாஸ்டிக்கில் இருக்கும், அல்லது ஸ்பீக்கருக்கு முன்னால் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதற்கும் முன்னால் சல்லடைபோல் துளையிட்ட மூடி. தண்ணீரைத் தடுக்கும் எல்லை அந்தச் சவ்வுதான். மூடிக்கும் சவ்வுக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் தண்ணீர் புகலாம், புகத்தான் செய்யும். துளைகள் சிறியவை என்பதால் பரப்பு இழுவிசை அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். சவ்வின் மேல் அந்தத் தண்ணீரின் எடை ஏறியதும் அது வேகமாக அதிர முடியாது. கீச்சுக் குரல்கள் முதலில் மங்கும், கட்டைக் குரல் மட்டும் மிஞ்சும். தலையணைக்கு அடியில் வைத்த ரேடியோ மாதிரி கேட்பது இதனால்தான்.

பல ஒலிகள் எழுப்பும் டிடெக்டர்களில் இரும்பு ஆணிக்குக் கட்டைக் குரல், வெள்ளிக்குக் கீச்சுக் குரல். சின்னத் தங்க மோதிரம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் விழும். மெல்லிய சங்கிலியாக இருந்தால் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு பொருளாகவே தெரிவதால் குரல் இன்னும் பலவீனமாக இருக்கும். ஸ்பீக்கர் அமுங்கிய நிலையில் தேடினால் இந்த நடுக்குரலை ஆணி என்று நினைத்துக் கடந்துவிடுவோம். ஒரு பெண் தாலிக்கொடியைத் தொலைத்துவிட்டுக் கரையில் அழுதுகொண்டு நிற்கும்போது ‘சத்தம் கொஞ்சம் குறைவு, பரவாயில்லை’ என்று தேட எனக்கு மனம் வராது. ஸ்பீக்கர் சரியாகும்வரை நான் அடுத்த அடி வைப்பதில்லை.

அமுங்கிய குரலுக்கு வைத்தியம் எளிது. ஸ்பீக்கர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி கருவியைச் சாய்த்து, பின்பக்கத்தை உள்ளங்கையால் மெதுவாகத் தட்டுங்கள். பழைய வேட்டித் துணியின் ஒரு முனையை மூடியின் துளைகள்மேல் ஒற்றி எடுத்தால் துணியே நீரை உறிஞ்சும், தேய்க்க வேண்டாம். பிறகு ஒலியளவைக் கூட்டிவிட்டு, கருவியின் தேடும் காயிலுக்கு முன்னால் ஒரு நாணயத்தை ஆட்டிக்கொண்டிருங்கள். நான் பையில் வைத்திருப்பது பழைய அறுகோண இருபது பைசா, அலுமினியம். நல்ல கீச்சுக் குரல் தரும். இப்போதைய ஒரு ரூபாய் துருப்பிடிக்காத எஃகு, இதற்குத் தோதுப்படாது. அந்தக் கீச்சுக் குரலின் அதிர்விலேயே மிச்சத் துளிகள் தெறித்து வெளியே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். வீட்டில் கருவி காய்ந்து நல்ல நிலையில் இருக்கும்போது அதே நாணயத்தின் ஒலியை மொபைலில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

குரல் அமுங்காமல், அடியோடு நின்றுபோனால் சந்தேகம் வேறு இடத்தில் விழ வேண்டும். ஹெட்ஃபோன் செருகும் துளைக்குள் தண்ணீர் தேங்கினால், ஹெட்ஃபோன் மாட்டியிருப்பதாகக் கருவி நினைத்துக்கொண்டு ஸ்பீக்கரை நிறுத்திவிடும். துளையை உலர்த்தினால் குரல் திரும்பும். புளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று காரிலோ பையிலோ தானாக இணைந்திருந்தாலும் இதே கதைதான். இன்னொரு சோதனை: கம்பியுள்ள ஹெட்ஃபோனை மாட்டிக் கேளுங்கள். அதில் ஒலி சுத்தமாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் நலம். கோளாறு ஸ்பீக்கர் பக்கம் மட்டும். அதிலும் இல்லையென்றால் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எங்கள் ஊர் வெயிலுக்கென்றே ஒரு கோளாறு உண்டு. கருவியைப் பாறை மேல் காயப் போட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் இறக்கினால், நல்ல ஸ்பீக்கர்கூடச் சட்டென்று மெலிந்துபோகும். அடைத்த பெட்டிக்குள் இருக்கும் காற்று 50 டிகிரி செல்சியஸிலிருந்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் இறங்கும். கருவியை இன்னும் 80 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கினால் சவ்வின் மேல் எவ்வளவு அழுத்தம் ஏறுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. சவ்வு உள்பக்கம் இழுத்துக்கொண்டு விறைத்துவிடும், அதிராது. தண்ணீரில் இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் நிழலில், முடிந்தால் ஈரத்துணியால் மூடி வைத்தால் இது வராது. வந்துவிட்டால் வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் நிழலில் வைக்க வேண்டியதுதான். காற்று போய்வரக் கருவியில் தனித் துளைச் சவ்வு இருந்தால் அது காய்ந்ததும் அழுத்தம் தானே சமமாகும்.

கரகரப்பு வந்தால் அது மண். ஏரி வண்டல் மிக நைஸாக இருக்கும். தண்ணீர் வடிந்த பிறகும் சவ்வின் மேல் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலிக்கும் அதிரும். குளிக்கும் துறைகளில் இதோடு எண்ணெய்ப் படலம், மஞ்சள், திருநீறு, மொட்டை அடித்த முடித் துணுக்கு எல்லாம் சேரும். இதற்குக் குழாயைத் திறந்து நேராகப் பீய்ச்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். ஐபி68 என்ற குறியீட்டில் 6 என்பது தூசு புகாது என்பதையும், 8 என்பது ஒரு மீட்டருக்கு மேல், தயாரிப்பாளர் குறிப்பிடும் ஆழத்திலும் நேரத்திலும் மூழ்கினால் தாங்கும் என்பதையும் சொல்கிறது. வேகமாகப் பீய்ச்சும் நீருக்கு அந்தத் தரத்தில் வேறு எண்கள், வேறு சோதனைகள். மூழ்கினால் தாங்கும் சவ்வு பீச்சலைத் தாங்கியே ஆக வேண்டும் என்பதில்லை.

அகலமான பாத்திரத்தில் வெதுவெதுப்புக்கூட இல்லாத நல்ல தண்ணீரை ஊற்றி, ஸ்பீக்கர் பக்கம் கீழே இருக்கும்படி முக்கி, மெதுவாக அலசி, தண்ணீரை மாற்றி மறுபடி அலசுங்கள். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ நல்லது. எங்கள் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் பக்கெட்டில் வெள்ளைப் படிவு நிற்கும். அதே படிவு சல்லடைத் துளைகளையும் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துவிடும். ராமேசுவரமோ சென்னைக் கடற்கரையோ போய் வந்தால் அன்றைக்கே அலச வேண்டும், உப்பு அடுத்த நாள்வரை காத்திருக்காது.

துளைக்குள் குண்டூசியோ பல்குச்சியோ விடாதீர்கள். சவ்வு காகிதத்தைவிட மெல்லியது. ஓர் ஓட்டை போதும், அதன்பின் அது தண்ணீர் புகும் கருவி. ஹேர் டிரையர் ஒட்டுப் பசையை இளக்கும். கம்ப்ரஸர் காற்று சவ்வைக் கிழிக்கும். மொபைலுக்குச் செய்வதுபோல் அரிசி மூட்டைக்குள் புதைப்பதில் ஒரு லாபமும் இல்லை. தண்ணீர் இருப்பது வெளியே உள்ள இடைவெளியில், அது மின்விசிறிக் காற்றிலேயே போய்விடும். அரிசித் தூள்தான் புதிதாகப் போய் ஒட்டும்.

தண்ணீருக்கு அடியிலேயே வேலை என்றால் ஸ்பீக்கரை நம்பவே கூடாது. கருவிக்கென்று விற்கும் தண்ணீர் புகாத கம்பி ஹெட்ஃபோன் வேண்டும், அல்லது கைப்பிடி அதிர்வு இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளலாம். புளூடூத் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். தலை வெளியே, பெட்டி உள்ளே என்றாலும் ஒலி விட்டு விட்டுத்தான் வரும்.

தேடுவது எங்கே என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கருவி வாங்கிய இளைஞர்கள் சிலர் என்னிடம் புதையல் பற்றியே கேட்கிறார்கள். எங்கள் ஊர் முருகன் கோயில் குளமான சரவணப் பொய்கையில் பக்தர்கள் போடும் காசு கோயிலுடையது. நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் அங்கே கருவியோடு இறங்கக் கூடாது. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் ஊரிலேயே பல்லவர் காலத்து வீரட்டேசுவரர் கோயில் இருக்கிறது. இதே மாவட்டத்தில், 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் இருக்கிறது. அந்த மண்ணில் ஒரு குழி தோண்டினால் அழிவது நம் எல்லோருக்கும் சொந்தமானது. தொலைத்தவர் கூட நின்று காட்டும் இடத்தில், அவருடைய பொருளை மட்டும் தேடுங்கள்.

இத்தனையும் செய்து, ஓர் இரவு நிழலில் காயவிட்டும் குரல் வரவில்லை என்றால் திரைக் கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் தண்ணீர் எல்லையைத் தாண்டிவிட்டது. உடனே அணைத்துவிடுங்கள், ‘சார்ஜ் போட்டுப் பார்ப்போம்’ என்று மட்டும் வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. வாரண்டி இருந்தால் திருகாணியைத் தொடாமல் பில்லோடு சர்வீஸுக்கு அனுப்புங்கள். வாரண்டி முடிந்ததைத்தான் நான் கடையில் திறப்பேன். 8 ஓம் என்று எழுதியுள்ள ஸ்பீக்கர் மீட்டரில் ஆறேழு ஓம் காட்டினால் அதன் காயில் நலம், சவ்வையும் ஒயரையும் பார்க்க வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்தது, ஸ்பீக்கரையே மாற்ற வேண்டும். மூடுவதற்கு முன் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை நல்ல வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்கிறேன். அதன் குறுக்கே ஒரு முடி கிடந்தாலும் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். சிலவகை ரப்பரை வாசலின் உப்ப வைக்கும் என்பதால் சிலிக்கான் கிரீஸ் மட்டுமே தடவுவேன். மூடிய பெட்டியை முதலில் பக்கெட் தண்ணீரில் அரை மணி நேரம் அமுக்கி வைத்து, குமிழி வருகிறதா என்று பார்த்து, மறுநாள் கண்ணாடியில் ஆவி இல்லையென்று உறுதியான பிறகே உரியவரிடம் கொடுக்கிறேன்.