எழுதி வைப்பதும் அமானத்தே



திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனம். அது தவணை குறித்துக் கொடுக்கும் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதோ பெரிதோ, சலிக்காமல் எழுதவும் சாட்சி வைக்கவும் அது அறிவுறுத்துகிறது. அவநம்பிக்கையினால் அல்ல, மறதி மனிதனின் இயல்பு என்பதால்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்திருந்த பலர் ஷஹீதானபோது, ஹள்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் ஜைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தார்கள். எழுதப்பட்ட ஏடுகளையும் மக்களின் மனனத்தையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டே அவர்கள் தொகுத்தார்கள். நினைவும் எழுத்தும் ஒன்றுக்கொன்று துணை என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

இன்று அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. அதையே நல்ல குறிப்பேடாக்கும் வழிகளைப் பார்ப்போம்.

மக்தபில்

கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை போதும். மாணவர் பெயர், தேதி, புதிய பாடம், திரும்ப ஓதிய பாடம், தடுமாறிய இடம் என்று ஐந்து கட்டங்கள். இவற்றில் கடைசிக் கட்டமே முக்கியம். "பாடம் முடிந்தது" என்று மட்டும் எழுதினால் பயன் குறைவு. எந்த எழுத்தின் உச்சரிப்பில், எந்த ஆயத்தில் பிள்ளை நின்றது என்று எழுதினால், ஹஜ்ரத் விடுப்பில் சென்றாலும் அடுத்து வருபவர் அங்கிருந்தே தொடரலாம். தட்டச்சு கடினமென்றால் பேசினாலே போதும். கூகுளின் தமிழ்க் குரல் தட்டச்சு 2017 முதல் இருக்கிறது. ஆனால் பிள்ளை ஓதும்போது ஹஜ்ரத்தின் கண் பிள்ளையின் வாயசைவில் இருக்கட்டும். குறிப்பைப் பாடம் முடிந்தபின் எழுதலாம்.

பள்ளிப் பாடத்துக்கும் வழி உண்டு. 2018-ல் வெளிவந்த புதிய பாடநூல்கள் முதல் தமிழக அரசுப் பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிடப்படுகிறது. பிள்ளை அதை ஸ்கேன் செய்து பாடத்தைப் பார்த்தபின், புரிந்ததை நோட்டில் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். பார்ப்பது மறந்துவிடும், எழுதியது தங்கும்.

வீட்டில்

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவை கடைசி நாளில் கிடைக்காமல்தான் பல பிள்ளைகளின் உதவித்தொகை தவறுகிறது. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில் துறைகள் நேரடியாக வழங்கும் ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை. நாம் எடுத்து வைக்கும் போட்டோவுக்கு அந்த மதிப்பு இல்லை. விண்ணப்பக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே ஒலிக்கும்படி காலண்டரில் நினைவூட்டல் வையுங்கள்.

கடனைக் கீப் போன்ற செயலியில் குறிப்பதோடு நிறுத்தாதீர்கள். தொகை, தேதி, தவணை ஆகியவற்றை எதிர்த்தரப்பினருக்கும் அனுப்பி "சரி" என்று பதில் பெறுங்கள், சாட்சிகளுக்கும் தெரிவியுங்கள். மய்யித்தின் கடனையும் வஸிய்யத்தையும் நிறைவேற்றிய பிறகே சொத்து வாரிசுகளுக்குப் பிரிக்கப்படும். பூட்டிய கைபேசிக்குள் இருக்கும் கணக்கு, எழுதாத கணக்கைப் போன்றதே. அதன் நகலைத் தாளில் எடுத்து, நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஜகாத் தேதி

இங்கே பலர் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. காலண்டரில் ஆண்டுதோறும் வரும்படி நினைவூட்டல் வைத்தால் அது ஆங்கிலத் தேதியில்தான் திரும்ப வரும். ஜகாத்துக்குரியதோ ஹிஜ்ரி ஆண்டு; அது சுமார் 11 நாள் குறைவு. ஆங்கிலத் தேதியிலேயே 2.5 சதவீதம் கொடுத்து வந்தால், ஏறக்குறைய 33 ஆண்டுகளில் ஓராண்டு ஜகாத் ஏழைகளுக்குப் போய்ச் சேராமலே நின்றுவிடும். ஆகவே ஹிஜ்ரி தேதியைக் குறிப்பில் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் நினைவூட்டலைப் புதிதாக வையுங்கள். கூகுள் காலண்டரில் ஹிஜ்ரி தேதியும் சேர்ந்து தெரியும்படி அமைக்கலாம். பிறை பார்ப்பதில் ஒரு நாள் வேறுபடலாம் என்பதால், தலைமை காஜி அறிவிப்பே நமக்கு அளவுகோல்.

மறைக்க வேண்டியவை

உதவி பெறுவோரின் பெயர், படம், நோய் விவரம் ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுவில் பகிராதீர்கள். பெறுபவரின் கண்ணியமும் அமானத்தே. ஷீட்டைப் பகிரும்போது "இணைப்பு உள்ள எவரும்" என்று திறந்து விடாமல், தேவையானவரை மட்டும் சேருங்கள். கடவுச்சொல்லையும் ஓடிபியையும் குறிப்பில் எழுதவே வேண்டாம்.

செயலிகளைக் கூட்டிக்கொண்டே போவதில் பரக்கத் இல்லை. ஒன்றோ இரண்டோ போதும். எழுதுவதற்கு ஓரிடம், ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, வாரம் ஒருமுறை திரும்பப் பார்ப்பது – இம்மூன்றும் பழக்கமானால் போதும். இந்த வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, முதலில் உங்கள் கடன் பாக்கிகளை எழுதத் தொடங்குங்கள்.

நம் கணக்குகளை இம்மையில் நேராக்கி, மறுமைக் கணக்கை அல்லாஹ் இலேசாக்குவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.

– செயலாளர்