நொய்யலை வரையப் போகிறவர்களுக்கு

திருப்பூரில் ஓவியக் கண்காட்சி, குறும்படம், வீதி நாடகம் என்று எதை எடுத்தாலும் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறு வந்துவிடுகிறது. கூடவே ‘நான் மாறிவிட்டேன்’ என்ற படைப்பாளியின் வாக்குமூலமும். இரண்டும் வரட்டும். அதற்கு முன் சில விஷயங்கள்.

செய்ய வேண்டியவை

● முதலில் உப்பைப் புரிந்துகொள்ளுங்கள். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் உப்பை அள்ளிக் கொட்டியாக வேண்டும். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தைச் சாதாரண சுத்திகரிப்பிலேயே ஓரளவு எடுத்துவிடலாம். உப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், அதற்கு மேல் ஆவியாக்கும் எந்திரமும் வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. சுற்றுவட்டாரக் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்ததில் பெரிய பங்கு இந்த உப்புக்குத்தான். நம் ஓவியங்களிலோ சிவப்பும் ஊதாவும்தான் கரைபுரண்டு ஓடுகின்றன! பார்க்கத் தெளிவாக இருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர், வாயில் வைக்க முடியாமல் கரிப்பதை எப்படிக் காட்டுவது என்று யோசியுங்கள்.

● நமக்கு முன்னால் எழுதியவர்களைப் படியுங்கள். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ சாயக்கழிவையே நாவலாக்கியது. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ ஐந்து நண்பர்களின் வாழ்க்கையோடு பனியன் தொழிலின் வளர்ச்சியைச் சொல்கிறது. மனம் மாறுவதை எழுத நினைப்பவர்களுக்கு என் சிபாரிசு இரண்டாவது. ஆள் மாறுவதும் ஊர் மாறுவதும் அதில் ஒன்றாகவே நடக்கின்றன.

● 2011 ஜனவரியைச் சேர்த்துச் சொல்லுங்கள். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட, 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. விவசாயி கேட்டது நியாயம். வேலை போய், பையைத் தூக்கிக்கொண்டு சொந்த ஊருக்கு பஸ் ஏறியவரின் கோபமும் நியாயம். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் அது துண்டுப் பிரசுரம்.

● மாறினேன் என்றால், எதை விட்டீர்கள், அதனால் கையை விட்டு எவ்வளவு போனது என்று காட்டுங்கள்.

செய்யக்கூடாதவை

● ஃப்ளெக்ஸ் பேனரில் ‘இயற்கையைக் காப்போம்’ கூடாது. சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் வருஷா வருஷம் நடக்கிறது.

● சாயப்பொடியை முகமூடி இல்லாமல் கையாளாதீர்கள், மூச்சுக்கு ஆகாது. பிரஷ் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது. அந்தச் சாக்கடை எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும்.

● பனியன் துணி வெட்டியதில் மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டில் சிற்பம் செய்துவிட்டு ‘குப்பையை மீட்டேன்’ என்று பெருமை பேசாதீர்கள். கட்டிங் வேஸ்ட்டுக்கு இங்கே எப்போதும் வியாபாரி உண்டு. நூலாகிறது, மெக்கானிக் கை துடைக்கிறார். நீங்களும் காசு கொடுத்துத்தானே வாங்கினீர்கள்?

● தொந்தி முதலாளியை வில்லனாக்கி முடித்துவிடாதீர்கள். பீஸுக்குச் சில காசுகள் குறைக்கச் சொல்லும் வெளிநாட்டு பையரும், ஆடித் தள்ளுபடியில் மூன்று டி-சர்ட் அள்ளும் நாமும் அந்தக் கதையில்தான் இருக்கிறோம்.

● ஓவர்லாக் மெஷினில் குனிந்திருக்கும் பெண்ணை, கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர் உங்கள் சோகத்துக்கு மாடல் இல்லை.

● கடைசிக் காட்சியில் மரக்கன்று, பறவை, குழந்தையின் சிரிப்பு வேண்டாம். திருப்பூரின் நஞ்சராயன் குளத்துக்கு 2024-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். அதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் பொய். கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ முறை வந்த பிறகும் உப்பு மறைந்துவிடவில்லை. தண்ணீரை ஆவியாக்கியபின் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் தலைவலிதான். அனுமதி வாங்கிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போய், அந்த உப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பிரஷ்ஷை எடுங்கள்.