மொட்டும் நுண்கூடும்

மாணவர்களே! மாட்டுங்காவின் பூக்கடைகளில் மல்லிகையை மொட்டாகவே தொடுக்கின்றனர். மான்குர்த்தில் உள்ள உங்கள் இல்லம் வந்து சேர்ந்த பின், இரவில்தான் அது விரிந்து மணக்கிறது. அதுவரை அம்மணம் எங்கிருந்தது?

மணப்பொருள்கள் எளிதில் ஆவியாகும் தன்மையுடையவை. ஆகவே மல்லிகை அவற்றுள் சிலவற்றைச் சர்க்கரை மூலக்கூற்றோடு பிணைத்து, மணமற்றனவாக மொட்டில் வைத்திருக்கிறது. மலரும் வேளையில் நொதிகள் அப்பிணைப்பை அறுக்கின்றன, மணம் வெளிப்படுகிறது. சுவரே இல்லாத பூட்டு அது!

மனிதன் அமைத்த பூட்டுக்குச் சுவர் வேண்டியிருந்தது. துவைத்து மடித்த சட்டையைச் சில நாள் கழித்து உதறும்போது புதுமணம் எழுவதுண்டு. துணி அலசும் மணத்திரவங்கள் சிலவற்றில் உள்ள நுண்கூடுகளே அதற்குக் காரணம். ஒவ்வொன்றும் மணஎண்ணெய்த் துளியைச் சூழ்ந்த மெல்லிய பலபடி ஓடு. பெரும்பாலும் மெலமின் பிசினால் ஆன இவ்வோடு, தலைமயிரின் பருமனைவிடச் சிறியது. இழைகளில் ஒட்டிக் காய்ந்து, உராயும்போது உடைகிறது. ஓட்டின் தடிப்பைக் கூட்டியும் குறைத்தும் மணம் வெளிப்படும் காலத்தை வேதியியலார் முறைப்படுத்துகின்றனர்.

இந்நுட்பம் மணத்துக்காகப் பிறந்ததன்று என்பது வியப்பு. 1950களில் அமெரிக்காவின் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பாரெட் கிரீன் என்பவர் நிறமற்ற சாயத்தைக் கூடுகளில் அடைத்து, கார்பன் தாளின்றிப் படியெடுக்கும் தாளை உருவாக்கினார். பேனா அழுத்திய இடத்தில் கூடு உடைந்து எழுத்துத் தோன்றியது.

மணம் போய்விடும், ஓடு போவதில்லை. துணியில் ஒட்டாத கூடுகள் அலசிய நீரோடு சாக்கடையை அடைகின்றன. மும்பைக் கழிவுநீரின் ஒரு பங்கு சேரும் தாணே கடற்கழி நமக்கு அயலிடமா? வாஷி பாலத்தைக் கடக்கும்போது நீங்கள் காணும் நீர்ப்பரப்புதான். பூநாரைகள் இரைதேடும் சேறுதான்.

நுண்நெகிழிகளுக்கு 2023இல் கட்டுப்பாடு விதித்த ஐரோப்பிய ஒன்றியம், மணக்கூடுகளுக்கு 2029 வரை தவணை அளித்துள்ளது. அதற்குள் மட்கும் ஓடுகளைச் செய்ய ஆய்வாளர் முயல்கின்றனர். ஓடு நீரில் கலையாமல் எண்ணெயைக் காக்கவும் வேண்டும். பின்னர் நுண்ணுயிர்களுக்கு உணவாகவும் வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைவது எளிதன்று.

சொற்பொருள்: பலபடி – சிறு மூலக்கூறுகள் தொடராக இணைந்த பெரிய மூலக்கூறு, நொதி – உயிர்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள், கடற்கழி – நிலத்தினுள் நீளும் கடல்நீர்ப் பகுதி.

பயிற்சி: மல்லிகை மொட்டும் நுண்கூடும் மணத்தைக் காக்கும் முறைகளில் உள்ள வேறுபாட்டை ஐந்து வரிகளில் எழுதுக.