லைசென்ஸ் வர்றதுக்கு முன்னாடி துப்பாக்கிக்கு அட்வான்ஸ் கொடுக்காதே!

தம்பி, தங்கச்சி, கொஞ்சம் நின்னு கேட்டுட்டுப் போங்க. தொரப்பள்ளி, சானமாவு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி நிலம் இருக்கிறவங்களுக்குப் பயிர்க் காவலுக்குத் துப்பாக்கி வேணும்னு தோணும். சிப்காட் பக்கம் செக்யூரிட்டி வேலை தேடுற பையன்களுக்குத் துப்பாக்கி இருந்தா சம்பளம் கூடும்னு ஆசை. இந்த ரெண்டு பேரையும் தேடி ஒரு புரோக்கர் வருவான். "இப்போ பாதிப் பணம் கட்டிடு, லைசென்ஸ் தானா வந்துடும்" என்பான். அவன்கிட்ட பணத்தை எண்ணிக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு.

1. வரிசையை மாத்தாதே. முதல்ல லைசென்ஸ், அப்புறம் கடை, கடைசியாப் பணம். 1959-ம் வருஷ ஆயுதச் சட்டத்தின் 3-ம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியை வாங்கவோ வெச்சுக்கவோ கூடாது. அந்தச் சட்டத்தில் இரவல் வாங்கினாலும், வாடகைக்கு எடுத்தாலும், பரிசா ஏத்துக்கிட்டாலும் அது வாங்கினதுதான். "அட்வான்ஸ் கட்டிட்டேன், சும்மா வீட்ல வெச்சிருக்கேன்" என்ற கதை ஸ்டேஷன்ல செல்லாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் ஜெயில், கூடவே அபராதம்.

2. "அட்வான்ஸ் கொடுக்கிறதே குத்தமா?"ன்னு கேட்பே. துப்பாக்கி கைமாறாத வரைக்கும் பணம் கட்டினது மட்டும் துப்பாக்கி வெச்சிருந்ததா ஆகாது. ஆனா லைசென்ஸ் கிடைக்கும்னு யாரும் உனக்கு உத்தரவாதம் தர முடியாது. போலீஸ் ஸ்டேஷன் அறிக்கை போகணும், டாக்டர் சர்டிபிகேட் வேணும், வயசு 21 நிறைஞ்சிருக்கணும். எல்லாம் சரியா இருந்தாலும் கலெக்டர் மறுக்கலாம். அந்த மறுப்புக்கு உன் பணத்தை ஏன் பணயம் வைக்கிறே?

3. காட்டுப் பக்கம் இருக்கிறவங்க இன்னும் உஷாரா இருங்க. வனவிலங்குச் சட்டத்தின் 34-ம் பிரிவுப்படி, சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் புது லைசென்ஸ் தரணும்னா தலைமை வன உயிரினக் காப்பாளரின் சம்மதம் முன்கூட்டியே வேணும். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரி தெற்கு சரணாலயம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அஞ்செட்டி, உரிகம் பக்கத்து ஆளுங்க இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்காம ஒரு ரூபாய்கூட எடுக்காதீங்க.

4. எந்த வகைத் துப்பாக்கின்னு நீயா முடிவு பண்ணி புக் பண்ணாதே. லைசென்ஸில் வகை குறிச்சிருக்கும். பயிர்க் காவலுக்குச் சட்டம் முதல்ல சொல்றது வாய்வழி மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைத்தான். நீ ரிவால்வருக்கு அட்வான்ஸ் கட்டியிருந்தா அந்தப் பணம் அந்தரத்துல நிக்கும்.

5. அக்கம்பக்கத்தில் பழசு வாங்கப் போறியா? விக்கிறவர் கலெக்டருக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ உன் பேர், விலாசத்தோடு எழுதிக் கொடுத்து, 45 நாள் முடிஞ்ச பிறகுதான் விக்கலாம். உனக்கும் லைசென்ஸ் இருக்கணும். "நாளைக்கே எடுத்துக்கோ" என்கிறவன் உன்னை மாட்டி விடப் பார்க்கிறான்.

6. பெங்களூரு கடைக்கு ஓடாதே. உன் லைசென்ஸ் எந்த எல்லை வரை செல்லும்னு அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும்னு இருந்தா அத்திப்பள்ளி தாண்டித் துப்பாக்கி கொண்டு வரலாமான்னு கலெக்டர் ஆபீஸில் கேட்டுட்டுப் பேசு.

7. "வேற மாநில லைசென்ஸ் எடுத்துத் தர்றேன்" என்றால் எழுந்து வந்துடு. 2012 முதல் 2016 வரை ஜம்மு காஷ்மீரில் 2.78 லட்சம் லைசென்ஸ்கள் முறைகேடா வழங்கப்பட்டதா சி.பி.ஐ. விசாரிச்சது. வெளிமாநிலத்துக்காரங்க பேர்லயும் நிறைய போயிருக்கு.

8. எப்படியும் கடைக்காரர் முன்பணம் கேட்டே தீருவார்னா, இப்படிக் கொடு:
• கடையின் விற்பனை லைசென்ஸைப் பார். நம்பரைக் குறிச்சுக்கோ.
• கையில் ரொக்கம் கொடுக்காதே. பேங்க் வழியா அனுப்பு.
• ரசீதில் "லைசென்ஸ் மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்" என்று எழுதி வாங்கு. "அச்சாரம்" என்று எழுத விடாதே. அச்சாரத்தைப் பறிமுதல் பண்ண அவர் வாதாடலாம்.
• லைசென்ஸ் வர்ற வரைக்கும் துப்பாக்கி கடையில்தான் இருக்கணும்.

9. பணம் திரும்ப வரலையா? அழுதுட்டு உட்காராதே. லைசென்ஸ் கிடைச்சா வாங்குவேன்னு பேசியிருந்து அது கிடைக்காம போனா, 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 32-ம் பிரிவுப்படி அந்த ஒப்பந்தம் செல்லாது. 65-ம் பிரிவுப்படி வாங்கின பணத்தைத் திருப்பித் தரணும். அதைக் காட்டிப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பு. அப்புறமும் அசையலைன்னா 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போ. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம். கடை பெங்களூருல இருந்தாலும் நீ அலைய வேண்டாம்.

10. செக்யூரிட்டி ஏஜென்சி "துப்பாக்கிக்கு டெபாசிட் கட்டு, வேலை உறுதி"ன்னா கேள்வி கேள். ஏஜென்சிக்கே 2005-ம் வருஷத் தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகள் சட்டப்படி அரசு லைசென்ஸ் வேணும். அதைக் காட்டச் சொல். காட்டலைன்னா உன் அம்மா நகையை அடகு வைக்காதே.

இன்னொண்ணும் சொல்லிடறேன். துப்பாக்கி கிடைச்சாலும் யானையையோ பன்றியையோ சுட உனக்கு அதிகாரம் இல்லை. 2025-ல் வந்த அரசாணைப்படியும் காட்டுப்பன்றியைச் சுட வேண்டியது வனத்துறைதான், அதுவும் காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தாண்டின இடத்தில். பயிர் போனா படம் எடு, உடனே வனச்சரக ஆபீஸில் நஷ்டஈட்டுக்கு எழுதிக் கொடு.

லைசென்ஸ் மறுத்தா காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி மேல்முறையீடு பண்ணு. அதுவரைக்கும் பணம் உன் பேங்க் கணக்கிலேயே இருக்கட்டும், சரியா?