சைட்டேஷன் கேட்டு வந்த பிள்ளைகளுக்கு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பார்கள். எப்போதும்வென்றான்! ஆய்வுக்கூடத்தில் அந்தப் பெயர் செல்லாது. அங்கே பத்துக்கு எட்டு நாள் தோல்விதான். வேதியியல் நடத்தி ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்ட என்னைப் பார்க்க, நிறமாலையியலில் பிஎச்.டி. சேர்ந்த மூன்று பிள்ளைகள் வந்தார்கள். முதல் கேள்வியே, "சைட்டேஷனை எப்படி ஏத்துறது சார்?" அன்றைக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

1. முதலில் சாம்பிளைச் சுத்தம் செய்யுங்கள். கே.எஸ். கிருஷ்ணன் நம் பக்கத்துக்காரர். திருவில்லிபுத்தூரில் பள்ளிப் படிப்பு, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி. வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராகவும் இருந்தவர். 1923-இல் கல்கத்தாவில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். 1928-இல் இருவரும் தேடியது, திரவத்தில் பட்டுச் சிதறும்போது நிறம் மாறி வரும் ஒளி; அது விழும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு மங்கலானது. திரவத்தில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் அது தானே ஒளிர்ந்து, தேடுகிற ஒளியை மூழ்கடித்துவிடும். அதனால் வெற்றிடத்தில் மறுபடி மறுபடி வடித்துத் தூசி போக்கினார்கள். சுமார் 60 திரவங்கள்! நேச்சர் இதழில் 31.3.1928 அன்று வந்த கட்டுரை அரைப் பக்கம்கூடத் தேறாது. அதற்குப் பின்னால் இருந்ததெல்லாம் வடிக்கிற வேலை.

2. பொட்டாசியம் புரோமைடு ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி மழையில் சாம்பிளை அதோடு கலந்து வில்லையாக அழுத்தி ஐ.ஆர். (அகச்சிவப்பு நிறமாலை) ஓட்டினால் 3400 செ.மீ⁻¹ பக்கம் அகலமாக ஒரு மேடு தெரியும். அதை உங்கள் மூலக்கூறின் ஹைட்ராக்சில் என்று எழுதிவிடாதீர்கள். நான் எழுதியிருக்கிறேன். கைடு கண்டுபிடிக்கவில்லை, தேர்வாளர் கண்டுபிடித்தார்.

3. நம் தென்மாவட்டக் கல்லூரிகளில் ஒரு வார்ப்பு உண்டு. கடையில் ஒரு சேர்மம் வாங்கு, ஐ.ஆர். எடு, ராமன் எடு, கணினியில் பி3எல்ஒய்பி முறையில் கணக்கு ஓட்டு, வந்த அதிர்வெண்களை 0.9614-ஆல் பெருக்கு, அட்டவணை போடு. அடுத்த மாதம் பக்கத்துப் புட்டி. தம்பி, அது ஆய்வு கற்றுக்கொள்ளும் பயிற்சி. பயிற்சியாக ஒன்று செய்யுங்கள், இரண்டு செய்யுங்கள். பதினைந்தாவதைச் செய்யும்போது உங்களிடம் கேள்வி என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கும் அளவும் ஒத்துப்போகாத அந்த ஒரு முகட்டை "ஏற்கத்தக்க வேறுபாடு" என்று மூடி மறைக்கிறோமே, கேள்வி பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

4. இப்போது சைட்டேஷன். 2014-இல் நேச்சர் இதழ் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளைப் பட்டியலிட்டது. முதலிடம், புரதத்தை அளக்க 1951-இல் லவுரி குழு சொன்ன முறைக்கு. நீங்கள் ஓட்டுகிற பி3எல்ஒய்பி-க்கு அடித்தளமான லீ, யாங், பார் எழுதிய 1988 கட்டுரையும் முதல் பத்துக்குள் இருக்கிறது. அதாவது பதினைந்து கட்டுரை எழுதினால் அவர்கள் கணக்கில் பதினைந்து ஏறும். ராமனும் கிருஷ்ணனும் எழுதிய 1928 கட்டுரைக்கு இந்த யோகம் இல்லை. ராமன் நிறமாலை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சுட்டுவதே கிடையாது. ஊரறிந்த உண்மைக்குச் சாட்சி எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். அடுப்பைப் பற்றவைக்கும்போது தீப்பெட்டி ஒட்டிய கோவில்பட்டிக்காரியை யார் நினைக்கிறார்கள்? ஆக, எண் குறைவாக இருந்தால் வேலை சின்னது என்றும் இல்லை, கூடுதலாக இருந்தால் பெரியது என்றும் இல்லை.

5. எல்லோரும் தெரியும் என்று நினைத்திருப்பதைத் திரும்பக் கேளுங்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் நுண்ணலை நிறமாலை ஆய்வு செய்யும் இ. அருணன், ஹைட்ரஜன் பிணைப்பு என்றால் என்ன என்று வரையறுக்க உலக வேதியியல் கூட்டமைப்பு அமைத்த குழுவுக்குத் தலைமை வகித்தார். 14 பேர் சேர்ந்து எழுதிய வரையறை 2011-இல் வந்தது. பள்ளிப் பாடத்தில் இருக்கிற விஷயம்தானே? ஆனாலும் எல்லை சரியாக வகுக்கப்படாமல் கிடந்தது. அந்தக் கட்டுரையை இன்று ஆயிரக்கணக்கானோர் சுட்டுகிறார்கள்.

6. "என்னுடையதை நீ போடு, உன்னுடையதை நான் போடுறேன்" என்று வருகிற மொய்க்கணக்குக்குப் போகாதீர்கள். பணம் கேட்டு இரண்டே நாளில் ஏற்கிற இதழுக்கும். ஒரு இதழ் என் மாணவி ஒருத்தியின் ஸ்காலர்ஷிப் பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த வருடம் இணையதளத்தோடு காணாமல் போனது.

7. தேதி போட்டு நோட்டு எழுதுங்கள். 1930 நோபல் ராமனுக்கு மட்டும் வந்தது. கண்டுபிடிப்பு நடந்த 1928 பிப்ரவரியில் யார் என்ன செய்தார்கள் என்ற பேச்சு வந்தால் இன்றைக்கும் கிருஷ்ணனின் நாட்குறிப்பைத்தான் புரட்டுகிறார்கள்.

8. தாயி, நீ அன்றைக்கு "சொந்தமாக எதை அளப்பது?" என்று கேட்டாய். தைக்கு ஊருக்கு வரும்போது ஓடைக்கரைக் கரிசலில் ஒரு பொட்டலம் எடுத்துப் போ. பாதியை 110 டிகிரியில் உலர்த்து, பாதியை அப்படியே வை, இரண்டுக்கும் ஐ.ஆர். ஓட்டு. 3620 பக்கம் உள்ள கூர்முனை களிமண்ணின் ஹைட்ராக்சில். அது அப்படியே நிற்கும். 3400, 1630 பக்கம் உள்ளவை அடுக்குகளுக்கு நடுவே புகுந்த தண்ணீர். அவை இளைத்திருக்க வேண்டும். இளைக்காவிட்டால் வில்லையைச் சந்தேகப்படு. இரண்டு வரைபடத்தையும் எனக்கு அனுப்பு.