கைப்பேசிக்குள் வந்துவிட்ட வட்டி



முன்பு வட்டிக்காரர் தெருவில் வருவார், பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். இன்று நம் கைப்பேசிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒரு சகோதரர் கடன் செயலியில் பணம் வாங்கினார. தவணை தவறியதும் அவருடைய மாமனாருக்கும் முதலாளிக்கும் மிரட்டல் அழைப்புகள் போயின.

"ஜமாஅத்தில் கேட்டிருக்கலாமே?" என்றேன். "கேட்டால் மஹல்லா முழுக்கத் தெரிந்துவிடும் ஹஜ்ரத்" என்றார். அந்தப் பதிலுக்கு நாம்தான் வெட்கப்பட வேண்டும்.

குர்ஆனின் மிக நீளமான வசனம் (2:282) கடனை எழுதி, சாட்சி வைத்துக்கொள்வதைப் பற்றியது. அதற்குச் சற்று முன் (2:280), சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கிறான் அல்லாஹ். ஜகாத் பெறும் எட்டு வகையினரிலும் (9:60) கடனாளியைச் சேர்த்திருக்கிறான். வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லிவிட்டு, வட்டியில்லாக் கடனுக்கு வழி செய்யாமல் இருந்தால் எப்படி? திருமண விருந்துக்கு லட்சங்கள் செலவழிக்கும் நாம், பைத்துல்மாலுக்கு எவ்வளவு கொடுக்கிறோம்? கேட்டு வருபவரின் மானத்தைக் காக்கிறோமா?

ஏற்கெனவே சிக்கியிருப்பவர்களே, பயப்படாதீர்கள். கடன் செயலிகள் உங்கள் தொடர்பு எண்களை எடுக்கக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. மிரட்டினால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். ஒரு கடனை அடைக்க இன்னொரு செயலிக்குப் போகாதீர்கள். தனியாக வந்து என்னைப் பாருங்கள். பேச்சு வெளியே போகாது.

அல்லாஹ் நம் அனைவரையும் வட்டியை விட்டும் கடன் சுமையை விட்டும் பாதுகாப்பானாக! ஆமீன்.